நெல்லின் இலை நிமிர்வதும் சாய்வதும்

நடவு முடிந்து ஆறு வாரங்கள் சென்ற இரு நெல்வயல்களை வரப்பின்மீது நின்று நோக்கினால், அவற்றின் தோற்றத்தில் ஒரு வேறுபாடு புலப்படுவதுண்டு. ஒரு வயலில் இலைகள் ஈட்டிகளைப்போல் வானை நோக்கி நிற்கின்றன. மற்றொன்றில் அவை வில்லைப்போல் வளைந்து, அடுத்த தூரின்மீது சாய்ந்து கிடக்கின்றன. முதல் வயலைக் கண்டவுடன், "பயிர் நன்றாக இருக்கிறது" என்று கூறிச் செல்லும் வழக்கம் களப்பணியாளர்களிடையே உண்டு. அக்கூற்று பல சமயங்களில் மெய்யாகும். சில சமயங்களில் பெரும் பிழையாகிவிடும். நல்ல இரகத்தின் இயல்பால் நிமிர்ந்த இலையும், மண்ணில் சத்துக்குறைவால் நிமிர்ந்த இலையும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், இலையின் கோணத்தை நிருணயிப்பது யாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

கோணத்தின் பயன்

தண்டுக்கும் இலைக்கும் இடையேயுள்ள கோணம் அற்பமான செய்தியன்று. பயிர் உணவு தயாரிப்பது சூரிய ஒளியைக்கொண்டு. அவ்வொளி எத்தனை இலைகளுக்குப் பங்கிடப்படுகிறது என்பதை இக்கோணமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நண்பகல் வெயிலில், கிடைமட்டமாக விரிந்த மேல் இலை தனக்கு வேண்டியதற்கு மிகுதியான ஒளியைப் பெறுகிறது. மிகுதியாகப் பெற்றதை அது முழுவதும் பயன்படுத்த இயலாது. முழு வெயிலின் அளவை எட்டுவதற்கு வெகு முன்னரே உணவு தயாரிக்கும் வேகம் தளரத் தொடங்கிவிடும். அதே சமயம் அதன் கீழுள்ள இலைகள் நிழலில் வாடுகின்றன.

ஜப்பானைச் சேர்ந்த மான்ஸி, ஸாயெக்கி என்ற இரு விஞ்ஞானிகள், பயிர்க்கூட்டத்தினுள் ஒளி எவ்விதம் குறைந்துகொண்டே செல்கிறது என்பதை 1953-இல் கணித முறையில் விளக்கினர். ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மீது நான்கு சதுர மீட்டர் பரப்புள்ள இலைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒளியைத் தடுக்கும் கெழு, சாய்ந்த இலைகளுக்கு 0.8 என்றும், நிமிர்ந்த இலைகளுக்கு 0.4 என்றும் வைத்துக்கொண்டால், மேலே விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு மட்டுமே சாய்ந்த இலைகளைக் கடந்து அடிப்பகுதியை எட்டும். நிமிர்ந்த இலைகளினூடே 20 பங்கு எட்டும். இலைப்பரப்பு இரண்டிலும் ஒன்றே. கோணம் மட்டுமே வேறு. எனவே நெருக்கமாக நடப்பட்ட வயலில் நிமிர்ந்த இலையுடைய இரகம் கீழ் இலைகளையும் உழைக்கச் செய்கிறது.

1966-இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 இரகமும், 1968-இல் இந்தியாவில் வெளிவந்த ஜெயா இரகமும் பெற்ற வெற்றிக்கு அவற்றின் குட்டையான தண்டு ஒரு காரணம். நிமிர்ந்த இலை மற்றொரு காரணம். உயர்ந்து வளர்ந்து இலைகள் தொங்கும் பழைய இரகங்களுக்கு உரம் மிகுதியாக இட்டால், அவை ஒன்றையொன்று நிழலால் மூடிச் சாய்ந்துவிடும். புதிய இரகங்களோ உரத்தை ஏற்று நின்றன.

மூட்டின் அமைப்பு

நெல்லின் இலை இரு பகுதிகளை உடையது. தண்டைச் சுற்றித் தழுவி நிற்பது இலையுறை. அதினின்று விலகி வெளியே நீண்டு நிற்பது இலைத்தாள். இவ்விரண்டும் கூடுமிடத்தில் வெளிறிய நிறமுள்ள ஒரு சிறு பட்டை காணப்படும். அதுவே இலைமூட்டு. அவ்விடத்தில்தான் நாக்கைப் போன்ற மெல்லிய சவ்வும், காதைப் போன்று மயிர் செறிந்த இரு சிறு உறுப்புகளும் அமைந்துள்ளன. நாற்றங்காலில் நெல்லைப் போலவே தோன்றும் குதிரைவாலிக் களைக்கு இந்த நாக்கு இல்லை என்பதையும், அதனைக்கொண்டே களையை இனங்கண்டு பிடுங்குகின்றனர் என்பதையும் களப்பணியாளர் அனைவரும் அறிவர்.

இலை சாய்வதும் நிமிர்வதும் இச்சிறு பட்டையில் நிகழும் செயலே. மூட்டுக்குத் தண்டை நோக்கிய உட்புறம் ஒன்றும், வெளிப்புறம் ஒன்றும் உண்டு. உட்புறத்துச் செல்கள் நீண்டு வளருமாயின், கதவின் கீலில் சக்கையைச் செருகினால் கதவு விலகுவதுபோல, இலைத்தாள் தண்டினின்று விலகித் தள்ளப்படுகிறது. வெளிப்புறத்தில் தடித்த சுவர்களையுடைய உறுதியான செல்கள் அடுக்கடுக்காக அமைந்து, இலையின் பாரத்தைக் கீழிருந்து தாங்குகின்றன. இவ்வடுக்குகள் மிகுந்திருந்தால் இலை நிமிர்ந்து நிற்கும்; குறைந்திருந்தால் தன் பாரத்தாலேயே சாயும். ஆகவே கோணத்தை நிருணயிப்பவை இரண்டு: உட்புறத்துச் செல்களின் நீளம், வெளிப்புறத்துத் தாங்கு செல்களின் எண்ணிக்கை. இவ்விரண்டையும் ஆட்சி செய்பவை ஹார்மோன்கள் எனப்படும் இரசாயனப் பொருள்கள்.

மகரந்தத்திலிருந்து கிடைத்த பொருள்

தாவர ஹார்மோன்கள் மிக நுண்ணிய அளவில் தோன்றி, செடியின் வளர்ச்சியை ஊக்கவோ தடுக்கவோ செய்வன. ஆக்ஸின், ஜிப்ரெல்லின், எதிலீன், அப்ஸிஸிக் அமிலம் முதலியவை பலரும் அறிந்தவை. இவற்றுள் ஜிப்ரெல்லின் நெற்பயிரின் நோய் ஒன்றை ஆராய்ந்ததால் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. நாற்றுகளை அளவுக்கு மீறி நெட்டையாக வளரச்செய்யும் ஒரு காளான் நோயைத் தைவானில் ஆராய்ந்த குரோஸாவா என்பவர், அக்காளான் வெளியிடும் பொருளே அதற்குக் காரணம் என்று 1926-இல் காட்டினார். அப்பொருளுக்கு 1935-இல் ஜிப்ரெல்லின் என்ற பெயர் அமைந்தது.

இலைக்கோணத்தில் தலைமை வகிக்கும் ஹார்மோனோ இவற்றுக்கெல்லாம் பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டதாகும். கடுகினத்தைச் சேர்ந்த ரேப் செடியின் மகரந்தத்தில் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு பொருள் இருப்பதாக 1970-இல் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். தேனீக்கள் திரட்டிய மகரந்தம் 227 கிலோ கிராமிலிருந்து 4 மில்லி கிராம் மட்டுமே தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டு, அதன் அமைப்பு 1979-இல் தெளிவாயிற்று. கடுகினத்தின் இலத்தீன் பெயரை ஒட்டி அது பிராஸினோலைடு எனப்பட்டது. அதனையொத்த பொருள்களின் குடும்பம் பிராஸினோஸ்டிராய்டு என வழங்குகிறது.

இக்குடும்பத்தின் ஆராய்ச்சியில் நெல்லின் இலைமூட்டே ஒரு கருவியாக அமைந்தது. இருட்டில் முளைக்கவைத்த நாற்றின் இரண்டாம் இலையினின்று, மூட்டு நடுவில் அமையுமாறு ஒரு சிறு துண்டை வெட்டி, சோதிக்கப்படும் கரைசலில் மிதக்கவிடுவர். சுமார் இரண்டு நாள் சென்றபின் இலைத்தாளுக்கும் இலையுறைக்கும் இடையேயுள்ள கோணத்தை அளப்பர். 1965-இல் மாயேதா என்ற ஜப்பானியர் விவரித்த இம்முறை, பின்னர் பிராஸினோஸ்டிராய்டுகளைக் கண்டறியச் சிறந்த சோதனையாகப் பயன்பட்டது. ஆக்ஸின் கரைசலில் இலை சாயவேண்டுமாயின் அதன் அளவு மிகுதியாக இருக்கவேண்டும். பிராஸினோலைடோ அதினும் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே இலையைச் சாய்த்துவிடும்.

ஹார்மோனின் ஆணை செல்லும் வழி

பிராஸினோஸ்டிராய்டு செல்லினுள் நேரே புகுந்து வேலை செய்வதில்லை. செல்லின் மேற்சவ்வில் அதனை ஏற்றுக்கொள்வதற்கென்றே ஒரு புரதம் உண்டு. அதனை ஏற்பி எனலாம். ஹார்மோன் ஏற்பியுடன் பொருந்தியவுடன், ஆணை ஒன்று உள்ளே கைமாறிக் கைமாறிச் செல்கிறது. சாதாரண நிலையில், வளர்ச்சி ஜீன்களைத் தூண்டும் ஒரு புரதத்தைச் செயலற்றதாக்கி வைப்பதற்கு ஒரு காவல் என்ஸைம் உள்ளது. ஆணை வந்தடைந்ததும் காவல் நீங்குகிறது. விடுபட்ட புரதம் உட்கருவினுள் சென்று, செல்களை நீளச்செய்யும் ஜீன்களைத் தூண்டியும், நீளாதபடி தடுக்கும் ஜீன்களை அடக்கியும் விடுகிறது. இதனால் மூட்டின் உட்புறத்துச் செல்கள் நீள்கின்றன. வெளிப்புறத்தில் தாங்கு செல்கள் பிரிந்து பெருகுவதையும் இதே ஹார்மோன் குறைக்கிறது என்பது 2015-இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. ஆகவே இலையை உள்ளிருந்து தள்ளுவதும், வெளியிலுள்ள தாங்கலைத் தளர்த்துவதும் ஒரே பொருளின் இரு செயல்களாகும்.

இதற்குச் சான்று, இயல்பு மாறிய நெல்வகைகளிலிருந்து கிடைக்கிறது. ஏற்பி பழுதுபட்ட ஒரு வகையை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2000-இல் விவரித்தனர். ஹார்மோன் இருந்தும் அதனை உணர இயலாத அச்செடி குட்டையாக வளர்ந்து, இலைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தியது.

ஹார்மோன்களின் கூட்டு வேலை

ஒரு ஹார்மோன் ஒரு வேலையைத் தனித்துச் செய்கிறது என்று எண்ணுவது தவறு. அவை ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் வேலை செய்கின்றன. இலைமூட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆக்ஸினின் நிலை முதலில் முரணாகத் தோன்றும். வெட்டிய இலைத்துண்டை அடர்ந்த ஆக்ஸின் கரைசலில் இட்டால் இலை சாய்கிறது என்று கண்டோம். ஆனால் வளரும் செடியிலோ, ஆக்ஸின் குறைந்தால்தான் இலை சாய்கிறது. ஆக்ஸினை வேறொரு பொருளுடன் பிணைத்துச் செயலற்றதாக்கும் என்ஸைம் ஒன்று அளவுக்கு மேல் வேலை செய்யும் நெல்வகையில், மூட்டின் உட்புறத்துச் செல்கள் மிக நீண்டு, இலை அகலச் சாய்வதை 2013-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. இம்முரண்பாட்டின் விடை பிற ஹார்மோன்களுடன் ஆக்ஸினுக்குள்ள தொடர்பில் இருக்கிறது. ஆக்ஸின் மிகும்போது எதிலீன் வாயு உண்டாகிறது. துண்டுகள் சாய்வதில் எதிலீனுக்கும் பங்கு உண்டு. மேலும், ஆக்ஸினுக்கு இணங்க வேலை செய்யும் சில புரதங்கள் பிராஸினோஸ்டிராய்டு ஏற்பியின் ஜீனைத் தூண்டுகின்றன. ஏற்பிகள் பெருகினால், ஹார்மோனின் அளவு மாறாவிடினும் அதனை உணரும் திறன் பெருகும். அப்புரதங்களுள் ஒன்று, ஆக்ஸினைப் பிணைக்கும் என்ஸைமையும் கூடவே தூண்டுகிறது. அதாவது ஆக்ஸின் தன்னையே குறைத்துக்கொள்ளும் வழியையும், பிராஸினோஸ்டிராய்டுக்கு இடமளிக்கும் வழியையும் ஒருசேரத் திறந்துவிடுகிறது.

ஜிப்ரெல்லினுடனும் இத்தகைய தொடர்பு உண்டு. இயல்பான அளவில் பிராஸினோஸ்டிராய்டு, ஜிப்ரெல்லின் உண்டாவதைத் தூண்டிச் செல்களை நீளச்செய்கிறது. அளவு மீறினாலோ, ஜிப்ரெல்லினைச் செயலற்றதாக்கும் ஜீனைத் தூண்டி, செல் நீள்வதைத் தடுக்கிறது. 2014-இல் வெளியான இம்முடிவு, ஒரு பொருளே அளவுக்கேற்ப எதிரெதிரான பலன்களைத் தரக்கூடும் என்பதை நினைவூட்டுகிறது.

இலையை நிமிர்த்தும் பக்கத்தில் நிற்பவையும் உண்டு. வறட்சியில் செடியில் மிகும் அப்ஸிஸிக் அமிலமும், பூச்சித் தாக்குதலின்போது மிகும் ஜாஸ்மானிக் அமிலத்தின் இனமும், பிராஸினோஸ்டிராய்டு உண்டாவதையும் அதன் ஆணை செல்வதையும் குறைத்து இலை சாய்வதைத் தடுக்கின்றன. ஆகவே இலைமூட்டைப் பல தராசுகள் கூடுமிடம் எனலாம். வெளியுலகின் நிலைமைகள் ஹார்மோன்களின் வழியாக அங்கே வந்து கூடுகின்றன. அவற்றின் நிகர விளைவே வரப்பில் நிற்பவர் காணும் கோணம்.

பசியால் நிமிரும் இலை

களப்பணியாளருக்கு மிகவும் இன்றியமையாத செய்தி இனி வருவதே. மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் நெற்பயிரின் இலைகள் குறுகி, கருமை கலந்த பச்சை நிறம் பெற்று, நெட்டுக்குத்தாக நிற்கும். தூர்கள் குறைவாக இருக்கும். பயிர் குட்டையாகவும் முதிர்ச்சியில் பின்தங்கியும் காணப்படும். இலை ஏன் நிமிர்கிறது என்பதற்கு 2018-இல் விடை கிடைத்தது. மணிச்சத்து குறையும்போது செடியில் ஒருவகைப் புரதங்கள் மிகுகின்றன. அவை, மூட்டின் செல்களை நீளச்செய்யும் ஜீன்களைத் தூண்டுகின்ற மற்றொரு புரதத்தைப் பற்றிப்பிடித்து வேலை செய்யவிடாமல் நிறுத்துகின்றன. செல்கள் நீளாததால் இலை சாய்வதில்லை.

இந்நிலையிலுள்ள வயல், பச்சை மிகுந்தும் இலை நிமிர்ந்தும் இருப்பதால், அனுபவம் குறைந்தவருக்குச் செழிப்பாகத் தோன்றலாம். மஞ்சளான வயலைக் கண்டால் எவரும் நின்று விசாரிப்பர். கரும்பச்சை வயலைக் கடந்து சென்றுவிடுவர். அறுவடையில் நட்டம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். எனவே நிமிர்ந்த இலையைக் கண்டால், உடனே தூர்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தூர்கள் நிறைந்து, இலை அகன்று, அதே இரகம் நட்ட அயல் வயலும் அவ்வாறே இருப்பின் அது இரகத்தின் குணம். தூர்கள் குன்றி, இலை குறுகி, அயல் வயலினும் பயிர் குட்டையாக இருப்பின் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை.

இலை தொங்குவதிலும் இருவகை உண்டு. மூட்டிலேயே கோணம் அகன்று சாய்வது ஒருவகை. மூட்டில் நிமிர்ந்து புறப்பட்டு, இலைத்தாளின் நடுவில் வளைந்து தொங்குவது மற்றொரு வகை. தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்டால் இலைகள் நீண்டு மென்மையாகித் தொங்கும். சிலிகா குறைந்த மண்ணிலும் இலைகள் உறுதியிழந்து தொங்கும். சிலிகா இலையின் மேற்றோலில் படிந்து அதற்கு விறைப்பைத் தருவது. இவ்விரு குறைகளுக்கும் மருந்து உர அளவைத் திருத்துவதும், வைக்கோல், உமிச்சாம்பல் போன்றவற்றை நிலத்திற்குத் திருப்புவதுமேயாகும்.

பயிர்ப்பெருக்கத்தில் இதன் பயன்

ஹார்மோன் குறைந்தால் இலை நிமிரும் என்றால், அதனை அறவே நீக்கிவிடலாகாதா என்ற வினா எழலாம். அவ்வாறு செய்தால் செடி மிகக் குட்டையாகி, நெல்மணியும் சிறுத்துவிடும். இதே ஹார்மோன் தண்டின் நீளத்திற்கும் மணியின் பருமனுக்கும் வேண்டப்படுகிறது. ஆகவே இலைமூட்டில் மட்டும் அதன் செயலைக் குறைப்பதே ஆராய்ச்சியாளரின் நோக்கம். நெல்லில் இந்த ஹார்மோனைத் தயாரிக்கும் படியொன்றில் ஒரே வேலையைச் செய்யும் இரு ஜீன்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று மட்டும் பழுதுபட்ட வகையில் இலைகள் நிமிர்ந்தன. மணிகளுக்குக் கேடு விளையவில்லை. நெருக்கமாக நட்டபோது, கூடுதல் உரமின்றியே அது மிகுந்த விளைச்சல் தந்ததாக 2006-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அறிவித்தனர். மக்காச்சோளத்திலும் அதன் காட்டு இனத்தினின்று பெற்ற ஒரு ஜீன் வடிவம், இதே ஹார்மோனின் வழியாக இலைக்கோணத்தைக் குறைத்து, நெருங்கிய நடவில் விளைச்சலை உயர்த்துவது 2019-இல் தெரியவந்தது.

எனினும் நிமிர்ந்த இலையே எங்கும் எப்பொழுதும் நன்மை என்று கருதலாகாது. இளம்பருவத்தில் சற்று விரிந்த இலைகள் நிலத்தை விரைவில் மூடிக் களைகளை அடக்கும். களையெடுப்பதற்கு ஆளில்லாத மேட்டுநில நேரடி விதைப்பில் இது சிறு நன்மையன்று. இளமையில் விரிந்தும், கதிர் வெளிவரும் பருவத்தில் மேல் இலைகள் நிமிர்ந்தும் நிற்பதே விரும்பத்தக்கது.

தெளிப்பு மருந்துகளைப்பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பிராஸினோஸ்டிராய்டு இனத்தைச் சேர்ந்த வளர்ச்சி ஊக்கிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றைத் தெளித்தால் தொங்கும் இலை நிமிரும் என்று எவரேனும் கூறினால் அதனை நம்பலாகாது. இலைமூட்டில் அப்பொருளின் இயல்பு சாய்ப்பதே, நிமிர்த்துவதன்று. மேலும் மூட்டு முதிர்ந்து செல்சுவர்கள் கெட்டிப்பட்டபின் கோணம் பெரும்பாலும் மாறுவதில்லை. விவசாயி செலவிடும் பணம் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைத் தெளிவாக எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமையாகும்.

பள்ளியில் செய்யத்தக்க ஓர் அளவை

ஆசிரியர்கள் மாணவர்களைக்கொண்டு இதனை எளிதில் அளந்து காட்டலாம். தேவையானவை ஒரு கோணமானியும் ஒரு குறிப்பேடுமே. கதிர் வெளிவந்த வயலில் இருபது தூர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் முதன்மைத் தண்டின் கண்ணாடி இலையையும், அதற்கடுத்த இரு இலைகளையும் அளக்கவேண்டும். கோணமானியின் மையத்தை இலைமூட்டின்மீது வைத்து, தண்டினின்று இலைத்தாளின் அடிப்பகுதி எத்தனை பாகை விலகியுள்ளது என்று குறிக்கவேண்டும். நீர் குறைந்த நண்பகலில் இலைகள் சுருளுமாதலால், காலை வேளையே அளப்பதற்கு ஏற்றது. இரு இரகங்களை, அல்லது மணிச்சத்து இட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் இவ்வாறு அளந்து சராசரியை ஒப்பிட்டால், கோணத்தின் வேறுபாடு எண்களாகவே முன்வந்து நிற்கும். தூர்களின் எண்ணிக்கையையும் உடன் குறித்துக்கொண்டால், இரகத்தால் நிமிர்ந்த இலை எது, பசியால் நிமிர்ந்த இலை எது என்பதை மாணவர்கள் தாமே கூறிவிடுவர்.

கண்ணுக்குப் புலனாகாத அளவில் சில பொருள்கள் ஒரு சிறு மூட்டில் கூடி, வயல் முழுவதற்கும் ஒளியைப் பங்கிடுகின்றன. அம்மூட்டை உற்றுநோக்கப் பழகிய களப்பணியாளர், பயிரின் நலத்தையும் குறையையும் மஞ்சள் நிறம் தோன்றுமுன்னரே அறிந்துகொள்ளக்கூடும்.